மனச்சோர்வு விழிப்புணர்வு பைக் ரைடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த மாதிரி ரைடுக்கு முதல் முறை வருகிறவர்களும், நாமே ஒன்று நடத்திப் பார்த்தால் என்ன என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: உயிரோடு இருக்க வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றிக்கொண்டிருந்தால், இதைப் படித்து முடிக்கக் காத்திருக்காதீர்கள். உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ உடனே கூப்பிடுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள்.

பைக் ஓட்டினால் மனச்சோர்வு சரியாகிவிடுமா?

ஆகாது. "நாலு நாள் வண்டியை எடுத்துக்கிட்டு எங்கேயாவது சுத்திட்டு வா, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்கிறவர்கள் ரைடர்களிலேயே நிறையப் பேர் இருப்பதால் இதை முதலில் வைக்கிறேன். ஓட்டும்போது மனசு லேசாவது உண்மைதான். கண் சாலையில், கை கிளட்சில், கால் கியரில் என்று உடம்பு முழுக்க வேலையில் இருக்கும்போது, மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் நினைப்புகளுக்குக் கொஞ்ச நேரம் இடம் கிடைப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அனுபவமுள்ள 50 பேருக்கு மேல் வைத்து இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 20 நிமிடம் ஓட்டிய பிறகு, மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அளவீடு 28 சதவீதம் குறைந்திருந்தது. போஸ்டரில் போட ஆசை வரும் எண்தான். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஹார்லி டேவிட்சன் நிறுவனம். அதைவிட முக்கியமாக, அவர்கள் அளந்தது அந்த நேரத்து அழுத்தத்தை, மனச்சோர்வு என்ற நோயை அல்ல. நோய்க்குச் சிகிச்சை உண்டு. பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சை, மருந்து, சிலருக்கு இரண்டும். ரைடை அதன் இடத்தில் வைக்காதீர்கள், சிகிச்சையில் இருப்பவரிடம் "இனிமேல் மாத்திரை எதுக்கு" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

சரி, குணமாக்காது என்றால் ரைடு எதற்கு?

நின்று பேசுவதற்கு. என்னைக் கேட்டால் இந்த ரைடுகளின் சரக்கு முழுக்க என்ஜின் அணைந்திருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. ஓட்டுவது, ஆட்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வழி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 28 கோடிக்கும் மேற்பட்டவர்கள் மனச்சோர்வோடு வாழ்கிறார்கள். பெண்களில்தான் இது அதிகம், ஆண்களைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் தற்கொலையில் கணக்கு தலைகீழாகிறது. ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள், அந்த விகிதம் ஆண்களிடம் பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் ஒன்றல்ல, ஆனால் பல ஆண்கள் உதவி கேட்டு எங்கேயும் போவதில்லை என்பது அதில் பெரிய ஒன்று. டாக்டரிடம் போவதில்லை, கவுன்சிலரிடம் போவதில்லை, மனைவியிடமும் சொல்வதில்லை. அப்படிப்பட்ட ஒருவரை "வாங்க, உங்க மனசைப் பத்திப் பேசலாம்" என்று கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். ரைடுக்குக் கூப்பிட்டால் வருவார். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேச முடியாத ஆள், பைக் பக்கத்தில் நின்று செயின் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "கொஞ்ச நாளாத் தூக்கமே இல்லப்பா" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி வெளியே வருவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

இதை முதலில் ஆரம்பித்தது யார்?

சங்கிலியாக ஒரே இடத்திலிருந்து வந்ததல்ல. நன்கு தெரிந்தவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவின் பிளாக் டாக் ரைடு. 2009இல் ஸ்டீவ் ஆண்ட்ரூஸ் என்பவர் மனச்சோர்வு பற்றிப் பேச வைப்பதற்காகத் தனி ஆளாகப் பைக்கில் அந்த நாட்டைச் சுற்றி வந்ததில் தொடங்கியது அது. வின்ஸ்டன் சர்ச்சில் தன் மனச்சோர்வைக் 'கறுப்பு நாய்' என்று குறிப்பிட்டதிலிருந்து பெயர் வந்தது. இப்போது ஆண்டுதோறும் மார்ச்சில் நாடு முழுக்கப் பல ஊர்களில் ஒருநாள் ரைடு நடக்கிறது. பின் சீட்டில் கறுப்பு நாய் பொம்மையைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். விளையாட்டாகத் தெரிந்தாலும் அது நல்ல யோசனை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் "இது என்னங்க?" என்று கேட்பார், பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

இன்னொன்று டிஸ்டிங்விஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு, 2012இல் சிட்னியில் மார்க் ஹாவா தொடங்கியது. கோட்டு, டை கட்டிக்கொண்டு பழைய பாணி பைக்குகளில் போவார்கள். 2016 முதல், ஆண்களின் உடல்நலத்துக்காக இயங்கும் மொவெம்பர் அமைப்புடன் சேர்ந்து, புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஆண்களின் மனநலத்துக்கும் நிதி திரட்டுகிறார்கள். இவை தவிர எந்தப் பெயரும் இல்லாமல், ஒரு நண்பனை இழந்த பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் ரைடுகள் எல்லா நாட்டிலும் உண்டு.

வெறும் சோகத்துக்கும் மனச்சோர்வுக்கும் என்ன வித்தியாசம்? என் நண்பனுக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல் சுருக்கமாக இது: பெரும்பாலான நேரம் சோர்ந்த மனநிலை, அல்லது முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடே இல்லாமல் போவது, இரண்டில் ஒன்றாவது, கிட்டத்தட்ட தினமும், குறைந்தது இரண்டு வாரம். கூடவே தூக்கம், பசி, கவனம் கெடுவது, உடம்பில் தெம்பே இல்லாமல் இருப்பது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு. நோயா இல்லையா என்று முடிவுசெய்வது நம் வேலை இல்லை, அதை அவர்களிடம் விட்டுவிடுவோம்.

நம்மால் செய்ய முடிவது, மாற்றத்தைக் கவனிப்பது. ஆண்களில் பலருக்கு இது அழுகையாக வெளியே வராது. எரிச்சல், சட்டென்று கோபம், அதிகமாகும் குடி, முன்பு இல்லாத முரட்டு ஓட்டம், இப்படித்தான் வரும். ஞாயிறு தவறாமல் வந்தவர் மூன்று மாதமாக ஏதாவது சாக்குச் சொல்கிறார். வண்டியைக் குழந்தை மாதிரி துடைத்துக்கொண்டிருந்தவரின் பைக் தூசி படிந்து, பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. குரூப்பில் எல்லோரையும் கலாய்த்தவர் வெறும் கட்டைவிரல் எமோஜியோடு நிறுத்திக்கொள்கிறார். ஹெல்மெட் போடாமல் ஓட்டாத ஆள் திடீரென்று ஹெல்மெட்டைக் கண்டுகொள்வதே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒன்றுமில்லாததுதான், எல்லாம் சேரும்போது ஒரு போன் போட்டு விசாரிக்கப் போதுமானது. ஆசையாகச் சேர்த்த பொருட்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கத் தொடங்கினாலோ, பிரியாவிடை போலப் பேசினாலோ போன் போதாது, அன்றே நேரில் போங்கள்.

எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம்? 500 வைத்தால் பெயர் வரும் என்கிறார்கள்.

பெயர் வரும், ஆள் வரமாட்டார்கள். மனச்சோர்வில் இருக்கிறவருக்குக் காலையில் படுக்கையை விட்டு எழுவதே மலை. அவரிடம் விடியற்காலை 4 மணிக்கு வந்து சேர், 500 கிலோமீட்டர் ஓட்டு என்றால், யாருக்காக ரைடு நடக்கிறதோ அவரே முதலில் கழன்றுகொள்வார். நீண்ட தூரம் ஓட்டி நிதி திரட்டுவது வேறு வகை, அதை ஒன்றிரண்டு அனுபவசாலிகள் செய்யட்டும். பொது ரைடுக்கு 60 முதல் 100 கிலோமீட்டரே தாராளம்.

தூரத்தைவிட நிறுத்தங்களைத் திட்டமிடுங்கள். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது: வழியை வரைந்து, நேரத்தைக் கணக்குப் போட்டு, மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தில் டீ. அதில் ஹெல்மெட்டைக் கழற்றி, கிளவுஸைத் தேடி, போட்டோ எடுப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். இரண்டு நிறுத்தம் போதும், ஒவ்வொன்றும் குறைந்தது 40 நிமிடம் இருக்கட்டும். நிழல் வேண்டும், கழிப்பறை வேண்டும், தனியாக இரண்டு பேர் நின்று பேசக் கொஞ்சம் ஒதுங்கிய இடம் வேண்டும். ஒலிபெருக்கி முழு நேரமும் அலறிக்கொண்டிருக்கக் கூடாது. பாட்டுக் கச்சேரி வைத்து நிறுத்தத்தை நிரப்பியிருந்த ரைடுகளைப் பார்த்திருக்கிறேன், ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டியிருந்தது. உதவி எண் அச்சிட்ட அட்டையை மேஜையில் அடுக்கி வைத்தால் ஆண்கள் கூச்சப்பட்டு எடுக்கமாட்டார்கள். ரூட் அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள், யாருக்குத் தேவை என்று யாருக்கும் தெரியாது.

கூட்டமாக ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஐந்து முதல் ஏழு வண்டிகள் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து போவதே பாதுகாப்பு. ஐம்பது பைக் ஒரே வரிசையாகப் போனால் பார்க்க அழகுதான், ஆனால் நடுவில் ஒரு லாரி புகுந்தாலே வரிசை சிதறிவிடும், சிதறியவர்கள் சேர்ந்துகொள்ள வேகம் பிடிப்பார்கள், விபத்து அங்கேதான் காத்திருக்கிறது. குழுவுக்குள் ஜிக்-ஜாக் வரிசை: லீட் ரைடர் லேனின் ஒரு பக்கம், அடுத்தவர் ஒரு நொடி பின்னால் மறுபக்கம், மூன்றாமவர் லீடுக்கு நேர் பின்னால் இரண்டு நொடி இடைவெளியில். வளைவு, குறுகிய சாலை, மோசமான சாலை வந்தால் ஒற்றை வரிசை. ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவது வேண்டாம், பள்ளத்தைப் பார்த்து ஒதுங்க இடமிருக்காது.

புதியவரைக் கடைசியில் தள்ளாதீர்கள். முன்னால் போகிறவர் சின்னதாக வேகம் கூட்டினாலும் கடைசியில் இருப்பவர் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், பதற்றத்தில் தப்புச் செய்வார். லீடுக்கு அடுத்த இடம் அவருக்கு. கடைசியில் வருபவர்தான் ஸ்வீப், குழுவிலேயே நிதானமானவர். யார் நின்றாலும் ஸ்வீப் நிற்பார். ஒருவர் அடிக்கடி பின்தங்குகிறார், சிக்னல் மாறியதைக் கவனிக்கவில்லை, வளைவில் தடுமாறுகிறார் என்றால் அதை முதலில் பார்ப்பவரும் இவரே. அடுத்த நிறுத்தத்தில் அவரிடம் போய்ச் சாதாரணமாக "தூங்கினீங்களா நேத்து?" என்று கேட்கும் குணம் இருக்கிறவரை ஸ்வீப்பாகப் போடுங்கள். வேகமாக ஓட்டத் தெரிந்தவர் என்பதற்காகப் போடாதீர்கள்.

திருப்பங்களில் யாரும் வழி தவறாமல் இருக்க, லீடுக்குப் பின்னால் வரும் அனுபவசாலி ஒருவர் திருப்பத்தில் ஓரமாக நின்று வழி காட்டிவிட்டு, ஸ்வீப் வந்ததும் சேர்ந்துகொள்ளும் முறை நன்றாக வேலை செய்யும். நிற்பவர் புதியவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிறுத்தம் மிகச் சிறிய டேங்க் உள்ள வண்டியை வைத்துக் கணக்கிடப்படும். மற்றபடி போலீஸ் அனுமதி, காப்பீடு, முதலுதவிப் பெட்டி எல்லாம் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதோ அப்படி.

எனக்கே மனச்சோர்வு இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். வரலாமா?

வாருங்கள். ஆனால் ஓட்டிக்கொண்டு வரலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள், "பைக் ஓட்டுவேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்ற சில மருந்துகள் தூக்கக் கலக்கம் தரும், மறுநாள் காலையிலும் அது மிச்சமிருக்கலாம். பதற்றத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் அப்படியே. புதிதாகத் தொடங்கிய வாரங்களிலும் அளவு மாற்றிய நாட்களிலும் ஓட்டாமல் இருப்பது உத்தமம். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வெயிலில் ரைடிங் ஜாக்கெட்டுக்குள் வியர்த்து நீர் வற்றிப்போனால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான மட்டத்துக்கு ஏறலாம். தண்ணீர் விஷயத்தில் இவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், இது பல ரைடு ஏற்பாட்டாளர்களுக்குத் தெரிவதில்லை.

ரைடு நாளன்று தெளிவாக இருக்க வேண்டும் என்று மாத்திரையை விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், பதற்றம் எல்லாம் வரலாம், இரண்டு சக்கரத்தில் அது இன்னும் மோசம். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யவே பொதுவாகச் சில வாரங்கள் எடுக்கும், இடையில் விட்டால் அத்தனை நாள் பொறுமையும் வீண். ஓட்ட முடியாத நிலையா, வேறொருவரின் பின் சீட்டில் வாருங்கள், பின்னால் வரும் காரில் வாருங்கள், நேராக நிறுத்தத்துக்கே வாருங்கள். ஓட்டாமல் வந்தவரை யாரும் "ஏன் வண்டி எடுக்கல?" என்று துருவக் கூடாது.

ஒருவர் திடீரென்று மனசைத் திறந்து பேச ஆரம்பித்துவிட்டால் என்ன சொல்வது?

பெரும்பாலும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கேட்க வேண்டும். நமக்கு இது கஷ்டமான வேலை. யாராவது பிரச்சினை என்றால் உடனே ஸ்பேனரை எடுக்கிற ஆட்கள் நாம். "வேலை போச்சா, வேற வேலை தேடு", "அவ போனா போகட்டும்", "யோகா பண்ணிப் பாரு", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்" என்று வரிசையாக வாயில் வரும். அத்தனையையும் விழுங்குங்கள். கடைசியில் உள்ளது மிக மோசம். கஷ்டத்தை ஒப்பிட்டுக் காட்டினால் அவருக்குக் குற்ற உணர்வு கூடும், பேச்சும் நின்றுவிடும்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்பது நல்ல கேள்வி. "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்பதும் நல்லது. இடையில் மௌனம் வந்தால் வரட்டும், நிரப்பாதீர்கள். அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். முடிவில் ஒரே ஒரு அடுத்த படியில் வந்து நில்லுங்கள், பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். "புதன்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகலாமா, நானும் கூட வரேன்." கூட வருகிறேன் என்றால் போக வேண்டும். டாக்டர் அறை வாசல் வரை துணைக்குப் போவது, எந்தப் போஸ்டர் செய்வதைவிடவும் அதிகம் செய்யும். வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் மனச்சோர்வு உள்ளவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த முதல் சந்திப்புதான் பலருக்கும் நடக்காமலே போகிறது.

ரகசியமா? ஆமாம், ரகசியம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு, அதை அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

"தற்கொலை செய்துகொள்ளத் தோன்றுகிறதா" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது ஆகாதா?

ஆகாது. இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது, ஆய்வாளர்களும் இதையே தேடிப் பார்த்திருக்கிறார்கள். கேட்டதால் தற்கொலை எண்ணம் கூடியதற்கு ஆதாரமில்லை என்றும், கேட்பது உதவவும் கூடும் என்றும் 2014இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால், "இல்ல" என்ற பதிலைத்தான் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும், அதையே சொல்லிவிடுவார். "சாகணும்னு தோணுதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று ஏதாவது முடிவுசெய்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

திட்டம் இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், தனியாக வண்டி ஓட்டவும் விடாதீர்கள். சாவியை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பைக்கை இன்னொருவர் கொண்டுவரட்டும். அவசர எண்ணைக் கூப்பிடுங்கள் அல்லது மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஆபத்தான பொருட்கள் அவர் கைக்கு எட்டாமல் இருக்க வீட்டாரிடம் சொல்ல வேண்டும். ரைடு பாதியில் நிற்கிறதே என்று யாரும் முகம் சுளித்தால், அவருக்குத்தான் விழிப்புணர்வு தேவை.

இதையெல்லாம் ரைடு காலையில் கற்றுக்கொள்ள முடியாது. 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் டோனி ஜோர்மும் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி இப்போது பல நாடுகளில் கிடைக்கிறது. குழுவுக்கு ஒருவராவது அதையோ அது மாதிரி ஒன்றையோ முடித்திருப்பது நல்லது. ஸ்வீப் முடித்திருந்தால் இன்னும் நல்லது.

மேடையில் யாரையாவது அவர்களுடைய கதையைச் சொல்ல வைக்கலாமா?

வைக்கலாம். மனச்சோர்வைக் கடந்து வந்த ஒருவரை நேரில் பார்த்துக் கேட்பது, புள்ளிவிவரங்களைவிட மனசை மாற்றும். ஆனால் அவராக முன்வர வேண்டும், சிகிச்சை முடிந்து கொஞ்ச காலமாவது ஆகியிருக்க வேண்டும், அன்று காலை "வேண்டாம்" என்றால் விட்டுவிட வேண்டும். நிறுத்தத்தில் உங்களிடம் தனியாகச் சொன்னவரை மைக் பக்கம் தள்ளாதீர்கள்.

எதைச் சொல்வது என்பதும் முக்கியம். 2010இல் ஆஸ்திரியாவில் செய்திகளை வைத்துச் செய்த ஆய்வில், நெருக்கடியில் தற்கொலை எண்ணம் வந்தும் அதைச் சமாளித்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள், தற்கொலை குறைவதோடு தொடர்புடையவையாக இருந்தன. ஆக எப்படி மீண்டார், யாரைக் கூப்பிட்டார், முதல் வாரம் எப்படி இருந்தது என்பதில் நேரத்தைச் செலவிடச் சொல்லுங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது எப்படி, எங்கே என்ற விவரம் வேண்டாம். "காதல் தோல்வியில் போயிட்டான்" என்று ஒரே காரணத்தில் அடைக்க வேண்டாம். "இப்போதான் நிம்மதியா இருப்பான்" என்று சொல்லவே வேண்டாம், அதே நிம்மதியைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கலாம்.

திரட்டும் பணம் எங்கே போகிறது?

இதைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள், கேட்டால் கோபப்படுகிற ரைடுக்குப் போகவே போகாதீர்கள். ஒழுங்கான ஏற்பாட்டில் நன்கொடை ஏற்பாட்டாளரின் சொந்தக் கணக்கைத் தொடாமல் நேராக அமைப்பின் கணக்குக்குப் போகும். டி-ஷர்ட், சாப்பாடு, அனுமதிக் கட்டணம் எல்லாம் பதிவுக் கட்டணத்திலிருந்து அல்லது ஸ்பான்சரிடமிருந்து, தனிக் கணக்கில் இருக்கும். முடிந்த சில வாரங்களுக்குள் வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்றால், என் விருப்பம் உதவி எண் நடத்துகிறவர்களுக்கு, அதுவும் தன்னார்வலர்களின் பயிற்சிக்கென்று. இரவு 2 மணிக்குப் போனை எடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அடுத்தபடியாக, காசில்லாதவர்களுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை தரும் மையங்கள். "விழிப்புணர்வு" என்று மட்டும் எழுதி, திரட்டிய தொகை முழுவதும் அடுத்த ஆண்டு போஸ்டருக்கே போகும் சுழற்சியில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பெரிய பைக் வேண்டுமா? பெண்கள் வரலாமா?

100 சிசி வண்டி போதும், ஸ்கூட்டரும் போதும். பெண்கள் தாராளமாக வரலாம், மனச்சோர்வு அவர்களிடம்தான் அதிகம் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன். ஆண்களுக்கென்று மட்டும் நடத்தும் ரைடுகளும் உண்டு, அதில் தப்பில்லை, முன்கூட்டியே தெளிவாக அறிவித்துவிடுங்கள்.

முடிந்ததும் பார்ட்டி உண்டா?

சாப்பாடு உண்டு, மது வேண்டாம். வண்டி ஓட்டித் திரும்ப வேண்டும் என்பது ஒரு காரணம். மது மனச்சோர்வை மோசமாக்கும், பல மருந்துகளோடு சேராது, தற்கொலை எண்ணம் உள்ளவரின் தடுப்புகளைத் தளர்த்திவிடும் என்பது இன்னொன்று. மதுக் கம்பெனி ஸ்பான்சர் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

டி-ஷர்ட்டில் என்ன எழுதலாம்?

உதவி எண். அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்றால் எளிமையாக இருக்கட்டும். "தைரியமாக இரு", "போராடி ஜெயி" போன்றவை நல்ல எண்ணத்தில் எழுதப்படுபவைதான், ஆனால் எழுந்து பல் துலக்கவே முடியாத ஒருவர் படிக்கும்போது, தைரியமில்லாததால்தான் தனக்கு இப்படி ஆகிறது என்று எடுத்துக்கொள்வார். மண்டை ஓடு, தூக்குக் கயிறு மாதிரி டிசைன்கள் கண்டிப்பாக வேண்டாம்.

போட்டோ, வீடியோ?

குழுப் படம் எடுங்கள். நிறுத்தங்களில் இருவர் பேசிக்கொண்டிருப்பதை எடுக்காதீர்கள், தூரத்திலிருந்தும் வேண்டாம். ஹெல்மெட் கேமராவை நிறுத்தத்தில் அணைத்துவிடச் சொல்லுங்கள், ஒலியும் பதிவாகும் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. வேலை இடத்தில் தெரிந்துவிடும் என்று பயந்து முகம் காட்ட விரும்பாதவர்களுக்கு ஒரு வண்ணக் கைப்பட்டை கொடுத்தால், படம் எடுப்பவருக்குச் சுலபம்.

எந்தத் தேதியில் வைப்பது?

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள், அக்டோபர் 10 உலக மனநல நாள். அந்தத் தேதிகளில் செய்தி சேர்வது எளிது. ஆனால் ஆண்டுக்கு ஒரு பெரிய ரைடைவிட, மாதம் ஒரு சின்ன ரைடு அதிக வேலை செய்யும் என்று நினைக்கிறேன். முதல் தடவை வந்த உடனே யாரும் மனம் திறப்பதில்லை. மூன்றாவது, நாலாவது தடவை, முகங்கள் பழகிய பிறகுதான் பேச்சு வரும். இரண்டு மாதம் தொடர்ந்து வந்தவர் வரவில்லை என்றால் கண்ணில் படும், வருஷத்துக்கு ஒருமுறை கூடும் கூட்டத்தில் அது யாருக்கும் தெரியாது.

ரைடு முடிந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

மறுநாளும் மறுவாரமும்தான் கவனம் தேவை. ஒரு நாள் முழுக்கக் கூட்டம், சிரிப்பு, சத்தம், பிறகு திங்கட்கிழமை அதே அறை, அதே தனிமை. சிலருக்கு அந்த இறக்கம் பலமாக இருக்கும். மனம் திறந்து பேசியவருக்கு "ஏன்தான் சொன்னோமோ" என்ற வெட்கமும் வரும். ஆகவே யார் யாரோடு பேசினார்களோ அவர்களே இரண்டு நாளுக்குள் ஒரு போன் போட வேண்டும். குரூப் மெசேஜ் இதற்கு உதவாது. போனில் மனச்சோர்வைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை, "அந்த செயினை மாத்தினீங்களா?" என்று கேட்டாலும் போதும், அழைத்தது எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

கேட்டவர்களையும் யாராவது கேட்க வேண்டும். இரண்டு பேரின் வலியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போன ஸ்வீப் அன்று இரவு தூங்கியிருக்கமாட்டார்.

மழை பெய்தால்?

வண்டிகள் கிளம்பாது. தள்ளிவைக்கும் செய்தியை ஆட்கள் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே அனுப்புங்கள், ஈரச் சாலையில் கூட்டமாக ஓட்டி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் கூரையுள்ள ஓர் இடத்தை முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு, "ரைடு இல்லை, 11 மணிக்கு இங்கே இருப்போம், பஸ்ஸிலோ காரிலோ வாங்க" என்று அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள். அந்த மழையிலும் பஸ் பிடித்து வருகிறவரோடு யாராவது நிதானமாக உட்காருங்கள்.